திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து மதுரை ஏர்போர்ட் எவ்வளவு தூரம்? ஃபிளைட்டில் எத்தனை நிமிடம் ஆகும்?

நேர்கோட்டில் அளந்தால் சுமார் 123 கிலோமீட்டர். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே நேரடி ஃபிளைட் கிடையாது. "இணையத்தில் 9 நிமிடப் பறப்பு என்று போட்டிருக்கிறதே, சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் இறங்கும் தம்பி அப்படியே மதுரைக் கல்யாணத்துக்குப் பறந்துவிடலாமா?" என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். முடியாதுங்க, காருக்குச் சொல்லிவிடுங்கள்.

அந்த 9 நிமிடம் வெறும் வகுத்தல் கணக்கு. 123 கிலோமீட்டரை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்திருக்கிறார்கள். ஜெட் விமானம் அந்த வேகத்தை எட்டுவது நல்ல உயரத்துக்குப் போனபிறகுதான். இவ்வளவு கிட்டத்து ஊருக்கு அவ்வளவு உயரம் ஏற வேலையே இல்லை. ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டர்தான் வரம்பு. அதோடு இரண்டு ஏர்போர்ட்டிலும் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மதுரை இருப்பதோ திருச்சிக்குத் தென்மேற்கே. கிழக்கு பார்த்துக் கிளம்பிய விமானம் வளைந்து திரும்ப வேண்டும், மதுரையில் மறுபடி ஓடுபாதைக்கு நேராக வந்து சேர வேண்டும். ஆக, ஏடிஆர் என்கிற சின்ன புரொப்பல்லர் விமானம் ஒன்றை விட்டால்கூட வானத்தில் 25 நிமிடமாவது ஆகும் என்பது என் கணிப்பு. கதவைச் சாத்தியதிலிருந்து திறக்கும் வரை முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி - சென்னை ஃபிளைட்டைப் பார்த்தாலே இது விளங்கும். சுமார் 290 கிலோமீட்டர்தான், ஆனால் டிக்கெட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருக்கும். பெல்ட் விளக்கு அணைந்து, தண்ணீர் வண்டி பாதி வரிசை தாண்டுவதற்குள் சென்னையில் இறங்கப்போகும் அறிவிப்பு வந்துவிடும்.

சென்னை போய் மாறி மதுரைக்கு வருவதென்றால் 700 கிலோமீட்டர் பறக்க வேண்டும், நடுவில் காத்திருப்பு வேறு. அதே நேரத்தில் உங்கள் தம்பி காரில் விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாக நாலுவழிச் சாலையில் மதுரைக்கே போய்ச் சேர்ந்திருப்பார்.

நம் பக்கத்து ஆட்களுக்கு எந்த ஏர்போர்ட் தோது என்றும் கேட்டிருந்தீர்கள். காரைக்குடியிலிருந்து நேர்கோட்டில் இரண்டுமே ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். வித்தியாசம் சாலையில் இருக்கிறது. திருச்சி ஏர்போர்ட் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருப்பதால் திருமயம், கீரனூர் தாண்டினால் ஊருக்குள் நுழையாமலே போய்விடலாம். மதுரை ஏர்போர்ட் ஊருக்குத் தெற்கே. மேலூர் பக்கமிருந்து வருகிறவர்கள் ரிங் ரோட்டில் சுற்ற வேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்க்காரர்களுக்குத் திருச்சிதான். தேவகோட்டையிலிருந்து என்றால் சிவகங்கை வழியாக மதுரைக்கும் தாராளமாகப் போகலாம். செட்டிநாட்டிலேயே இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் சின்ன விமானமாவது வந்து இறங்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

உங்கள் தம்பி திருச்சியிலிருந்து நேரே மதுரை போகாமல் காரைக்குடி வந்து போனாலும் 50 கிலோமீட்டர் போலத்தான் கூடும். கல்யாணம் மறுநாள் என்றால் வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, உங்களையும் ஏற்றிக்கொண்டு ஒரே காரில் போகச் சொல்லுங்கள்.