ஆறே முக்கால் மணி நேரம்

வணக்கம் அக்கா,

எனக்கு 47 வயது. தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. சில வருடங்களாக ஓடுகிறேன். ஹாஃப் மாரத்தானில் என் சிறந்த நேரம் 3 மணி 10 நிமிடம். வரும் ஜனவரியில் மும்பையில் ஃபுல் மாரத்தான் ஓடப் பதிவு செய்துவிட்டேன். கட்-ஆஃப், அதாவது அதற்குள் முடித்தாக வேண்டிய நேரம், ஏழு மணி நேரம். கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் குழுவில் எல்லோரும் என்னைவிட வேகம். அவர்கள் கொடுத்த அட்டவணையில் 32 கிலோமீட்டர் லாங் ரன் மூன்று முறை வருகிறது. ஒன்றுக்கே எனக்கு ஐந்து மணி நேரம் ஆகும். அப்படி ஓடினால் திங்கட்கிழமை வகுப்பில் எப்படி நிற்பது? நடுநடுவே நடக்கலாமா என்று கேட்டதற்கு, "நடந்தா அது மாரத்தான் இல்ல மேடம், வாக்கத்தான்" என்கிறார் ஒரு தம்பி. எல்லோரும் போன பிறகு கடைசி ஆளாக, பின்னால் ஆம்புலன்ஸ் ஊர்ந்து வர முடிக்க வேண்டியிருக்குமோ என்று கூச்சமாகவும் இருக்கிறது. நீங்களும் மெதுவாக ஓடுகிறவர் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

எஸ்., தாம்பரம்

*

அன்புள்ள எஸ்.,

கணக்கு டீச்சரிடமே கணக்கில் கை வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் என்றால் 42 கிலோமீட்டருக்குச் சரியாக ஏழு மணி நேரம். ஆனால் மாரத்தான் 42.195. அந்த 195 மீட்டருக்கு இன்னும் இரண்டு நிமிடம் வேண்டும். நீங்கள் போட்ட வேகத்தில் அச்சுப் பிசகாமல் ஓடினாலும் கட்-ஆஃபைத் தாண்டித்தான் போய்ச் சேருவீர்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் கிளம்பி, அரங்கத்தில் அரச குடும்பத்தின் இருக்கைக்கு முன்னால் முடியும்படி பாதை போட்டதில் வந்த தூரம் இது. 1921-இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். ராஜா வீட்டு வசதிக்கு வைத்த தூரம் இன்று தாம்பரம் வரை வந்து படுத்துகிறது.

போதாக்குறைக்கு, கூட்டத்தில் விலகி விலகி ஓடுவதிலும் வளைவுகளில் வெளிப்பக்கமாகச் சுற்றுவதிலும் தூரம் கூடிவிடும். வாட்ச் 42 காட்டும்போது முடிவுக்கோடு இன்னும் கண்ணில் பட்டிருக்காது. கட்-ஆஃபை நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணுகிறார்களா, துப்பாக்கி வெடித்ததிலிருந்தா என்பதையும் இந்த ஆண்டு விதிமுறையில் பார்த்துவிடுங்கள். பின்வரிசையில் நிற்கும் நமக்குக் கோட்டைத் தொடவே சில நிமிடங்கள் போய்விடும். அதனால் 9 நிமிடம் 30 விநாடி என்று வையுங்கள். 6 மணி 41 நிமிடம் வரும். மீதி 19 நிமிடம் கழிவறை வரிசைக்கு, ஷூ லேஸுக்கு, மும்பைப் பாதையில் வரும் பெடர் ரோடு ஏற்றத்துக்கு. உங்கள் ஹாஃப் நேரத்தைப் பார்த்தால் இது நடக்கக்கூடியதுதான். ஆனால் கையில் தாராளமாக எதுவும் மிஞ்சாது.

இனி உங்கள் குழுவினரின் அட்டவணை. அவர்களுக்கும் உங்களுக்கும் தூரம்தான் ஒன்று, பந்தயம் வேறு. காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் நான்கு மணி நேரக்காரர் ஒன்பதுக்கு முடித்துவிட்டு மெடலோடு படம் எடுத்துக்கொண்டிருப்பார். அப்போது உங்களுக்கு இன்னும் பதினேழு கிலோமீட்டர் பாக்கி. வெயில் ஏறுவதே அதற்குப் பிறகுதான். அந்த வெயிலும் அதற்கான சாப்பாடும் அவர்கள் பாடத்திட்டத்திலேயே கிடையாது. அவர்கள் கொடுத்தது நான்கு மணி நேர வேலைக்கு எழுதிய அட்டவணை.

32 கிலோமீட்டர் விஷயமும் இதில்தான் வருகிறது. லாங் ரன்னை மூன்று, மூன்றரை மணி நேரத்தோடு நிறுத்தச் சொல்லும் பயிற்சியாளர்கள் நிறைய. அதற்குமேல் போனால் வரும் பலன் கொஞ்சம், உடம்பு தேற எடுக்கும் நாட்கள் அதிகம் என்பது அவர்கள் கட்சி. உங்கள் நண்பர்கள் அந்த நேரத்துக்குள் 32-ஐத் தொட்டுவிடுவார்கள், அதனால் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவேயின் வழி இதற்கு நேர் எதிர். முழு தூரத்தையும் பயிற்சியிலேயே போய்வரச் சொல்வார், ஆனால் மிக மெதுவாக, நடை கலந்து, நடுவில் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு.

நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவள். சனிக்கிழமை மாலை ஒன்றரை மணி நேரம், மறுநாள் விடியற்காலை மூன்று மணி நேரம். களைத்த காலோடு ஓடிப் பழக இது போதும். ஒரே ஒரு முறை மட்டும், பந்தயத்துக்கு ஐந்து வாரம் முன்னால், ஐந்து மணி நேரம் வெளியே இருங்கள். தூரத்தைப் பார்க்காதீர்கள், பாதி நடந்தாலும் சரி. கடைசி இரண்டு மணி நேரம் வெயிலில் விழுகிற மாதிரி தாமதமாகக் கிளம்புங்கள். அந்த வாரத் திங்கட்கிழமைக்கு இப்போதே ஒரு சி.எல். எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நடப்பது பற்றி. நடைப்போட்டியில் இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையை விட்டால் நடுவர் சிவப்பு அட்டை எழுதுவார். ஓட்டத்தில் நடந்தால் எழுத எந்த அட்டையும் இல்லை. அந்தத் தம்பியை விதிப்புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஆனால் முடியாமல் போன பிறகு நடப்பது வேறு, முதல் கிலோமீட்டரிலிருந்தே திட்டம் போட்டு நடப்பது வேறு. கிலோமீட்டருக்கு 8 நிமிட வேகத்தில் இரண்டு நிமிடம் ஓடுங்கள், 12 நிமிட வேகத்தில் ஒரு நிமிடம் நடங்கள். மூன்று நிமிடத்தில் கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு முடிந்திருக்கும். அதாவது சராசரி சரியாக 9 நிமிடம், உங்கள் ஹாஃப் வேகமேதான். 42 கிலோமீட்டருக்கு அது கொஞ்சம் அதிகம். ஓட்டத்தை எட்டரைக்குக் குறைத்தால் நமக்கு வேண்டிய ஒன்பதரை வந்துவிடும். இதில் கஷ்டமான பகுதி நடைதான். 12 நிமிட வேகம் என்றால் பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் போகிற நடை, கடற்கரையில் காற்று வாங்கும் நடை இல்லை. அதைத் தனியாகப் பழக வேண்டும், யாரும் பழகுவதில்லை. முதல் பத்து கிலோமீட்டரில் வாட்ச் 'நட' என்று சிணுங்கும்போது கால் துருதுருவென்று இருக்கும், எல்லோரும் தாண்டிப் போவார்கள். அப்போதும் நடங்கள். பெடர் ரோடு ஏற்றம் கடைசிப் பத்து கிலோமீட்டருக்குள் வருகிறது. காலையில் உங்களைத் தாண்டிப் போனவர்களில் பலரை அங்கே இடுப்பில் கை வைத்தபடி பார்ப்பீர்கள். (பார்த்து மனதுக்குள் சிரித்துக்கொள்ளலாம், நான் சிரித்திருக்கிறேன்.)

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மெதுவாக ஓடுகிறவர்களுக்கு என்னைக் கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். 'நிறையத் தண்ணி குடிங்க' என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் இருக்கும் உப்பு, அதாவது சோடியம், நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவு குறைந்திருந்தது. அந்த ஆபத்து அதிகம் இருந்தவர்கள் யார் என்று பார்த்தால், கிளம்பியபோது இருந்ததைவிட எடை கூடி முடித்தவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்கள். அதாவது நம் ஜாதி. வேகமாக ஓடுகிறவருக்குக் குடிக்க நேரமில்லை. நமக்கு ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று, இரண்டு கப் வாங்கி, ஒரு நன்றியும் சொல்ல நேரமிருக்கிறது. ஓ.ஆர்.எஸ். கலந்து குடித்தால் பயமில்லை என்று நினைக்காதீர்கள், அதையும் லிட்டர் கணக்கில் குடித்தால் இதே கதைதான்.

தாகம் எடுத்தால் குடியுங்கள், அவ்வளவுதான். லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். சென்னைப் புழுக்கத்தில் கொஞ்சம் குறைவது இயல்பு. கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். ஓடும்போது விரல் வீங்கி மோதிரம் இறுகினாலோ, குமட்டினாலோ, தலை குழம்பினாலோ குடிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவக் கூடாரத்துக்குப் போய்விடுங்கள்.

சாப்பாடு மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தாவது இருக்கட்டும், சுமாராக ஒரு வாழைப்பழம். முதல் மணி நேரத்திலிருந்தே, பசிக்கும்வரை காத்திருக்காமல். எனக்குப் பேரீச்சம்பழம் ஒத்துக்கொண்டது. கடலை மிட்டாயைப் பெருமையாக எடுத்துப்போய், முப்பதாவது கிலோமீட்டரில் வாயில் போட்டால் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு உள்ளே போகவே மறுத்துவிட்டது. எதுவானாலும் நீங்களே கொண்டுபோங்கள். ஒரு பந்தயத்தில் ஐந்தரை மணி நேரம் ஆனபோது நான் போய்ச் சேர்ந்த மேசையில் பையன்கள் காலி கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சின்ன பாட்டில் ஒன்று இடுப்பில் இருப்பது நல்லது. வாஸலினை அக்குள், தொடை இடுக்கு, பிரா பட்டை உரசும் இடம் எல்லாவற்றிலும் கஞ்சத்தனம் பார்க்காமல் பூசுங்கள். பூசாதது குளியலறையில் முதல் சொம்பு தண்ணீர் விழும்போது தெரியும்.

கடைசி ஆளாக வருவது பற்றி என்ன சொல்ல? ஃபௌஜா சிங் 2000-இல் லண்டனில் தன் முதல் மாரத்தானை 6 மணி 54 நிமிடத்தில் முடித்தார், 89 வயதில். உங்கள் உத்தேச நேரம் அவரைவிடச் சில நிமிடங்கள்தான் குறைவு, அவரைப் பார்த்து யாரும் வாக்கத்தான் என்று சொன்னதாகத் தெரியவில்லை. ஷிசோ கனாகுரி என்ற ஜப்பான்காரர் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் வெயில் தாங்காமல் பாதியில் விலகி, யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார். 1967-இல் ஸ்வீடன்காரர்களே அழைத்துவந்து மிச்சத்தை ஓடி முடிக்க வைத்தார்கள். நேரம் 54 வருடம் சொச்சம். உங்களுக்கு அவ்வளவு ஆகாது. ஆம்புலன்ஸுக்கு முன்னால் நீங்கள் தனியாக இருக்கப்போவதும் இல்லை. ஆறரை மணிக்கு மேல் முடிப்பவர்கள் ஒரு பெருங்கூட்டம், முன்னால் ஓடுகிறவர்களைவிட அதிகம் பேசுவார்கள். எந்த முட்டி, எந்தப் பிள்ளை எந்தக் கல்லூரி எல்லாம் அங்கே தெரிந்துவிடும். பெடர் ரோட்டில் உப்பு தூவிய ஆரஞ்சுச் சுளையை நீட்டும் குடும்பங்களும் வேகக்காரர்களுக்காக மட்டும் நிற்பதில்லை.

ஊர் திரும்ப ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடுங்கள். 45 வயது தாண்டிய பெண்களுக்கு லோயர் பெர்த் கோட்டா இருக்கிறது, அதில் போடுங்கள். மாரத்தான் ஓடிய அன்று ராத்திரி அப்பர் பெர்த் ஏணியில் நான் பாதியில் நின்ற நிலையைப் பார்த்து, எதிர் சீட்டுப் பெரியவர் தன் கீழ் பெர்த்தைக் கொடுத்துவிட்டு மேலே ஏறிப் போனார். அவருக்கு எழுபது இருக்கும்.

அன்புடன்,
அக்கா