கேள்வி–பதில்: ஓட்டு யாருக்கு?

கே: சுயநிர்ணய வாக்கெடுப்பு என்றால் அங்கே குடியிருக்கிற எல்லோரும் ஓட்டுப் போடலாம்தானே? நியூ கலிடோனியாவில் ஏன் இத்தனை தகராறு?
– வாசகர், விருதுநகர்

ப: தகராறே அந்த 'எல்லோரும்' என்பதில்தான். 1853-ல் பிரான்ஸ் பிடித்த பசிபிக் தீவு அது. முதலில் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். பின்னாளில் நிக்கல் தொழிலை நம்பி ஆட்கள் வந்து குவிந்தார்கள். மண்ணின் மக்களான கனக்குகள் சொந்தத் தீவிலேயே பாதிக்கும் கீழே போனார்கள். அப்புறம் தலையை எண்ணினால் முடிவு என்னவாகும்? 1987-ல் மூன்று வருடம் குடியிருந்தாலே ஓட்டு என்றார்கள். கனக் கட்சிகள் புறக்கணித்தன. பிரான்ஸோடு இருப்போம் என்று 98 சதவீதம் விழுந்தது. அதனால் எதுவும் தீரவில்லை. மறு வருடமே ரத்தக்களறி, அதன்பின் சமரச ஒப்பந்தம்.

தலைநகர் நூமேயாவின் பேரில் 1998-ல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு வாக்காளர் பட்டியலை இறுக்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர் என்றால், பொதுவாக 2014 டிசம்பர் 31 வரை தொடர்ந்து 20 வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். கனக் மரபுச் சட்டப்படி பதிவானவர்களுக்குத் தனி வழி உண்டு.

கே: அந்த ஒப்பந்தப்படி நடந்த மூன்று வாக்கெடுப்பிலும் விடுதலை 'வேண்டாம்' என்றுதானே வந்தது? பிறகென்ன பேச்சு?
– வாசகி, தஞ்சாவூர்

ப: எண்களைப் பாருங்கள். விடுதலை வேண்டும் என்றவர்கள் 2018-ல் 43.3 சதவீதம், 2020-ல் 46.7. 2021 டிசம்பரில் திடீரென 3.5! ஒரே வருடத்தில் மனம் மாறிவிடவில்லை. அந்த செப்டம்பரில் கொரோனா பரவிச் சாவுகள் விழுந்தன. கனக் வழக்கத்தில் துக்கம் நீண்டது. துக்க வீட்டில் பிரசாரம் செய்ய முடியாது, தள்ளிவையுங்கள் என்று கேட்டார்கள். பாரிஸ் மறுத்தது, அவர்கள் வரவில்லை. முந்தைய தடவை 86 சதவீதத்தை ஒட்டியிருந்த வாக்குப்பதிவு 44-க்கும் கீழே சரிந்தது. சட்டப்படி செல்லும், ஆனால் அதை மக்கள் தீர்ப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

2024 மே கலவரமும் பட்டியலால்தான். அது மாகாணத் தேர்தலுக்கான பட்டியல்: பத்து வருடம் குடியிருந்தால் போதும் என்று திருத்தப் பார்த்தார்கள்.

கே: விடுதலை இல்லையென்றால் அடிமைத்தனம்தானா?
– வாசகர், நாகர்கோவில்

ப: இல்லை. ஐ.நா.வின் 1960-ம் வருடத் தீர்மானம் 1541 மூன்று வழி காட்டுகிறது: தனிநாடு, விருப்பக் கூட்டு (தன்னாட்சியோடு இன்னொரு நாட்டோடு விரும்பிச் சேர்ந்திருப்பது), சமஉரிமையோடு இணைப்பு. குக் தீவுகள் 1965 முதல் நியூசிலாந்தோடு இரண்டாம் வழியில் இருக்கின்றன. ஒரு சங்கடம்: ஆளும் நாட்டிலிருந்து நிலத்தால் பிரிந்து கிடக்கும் பகுதிக்குத்தான், எது காலனி என்று சொல்லும் அந்தத் தீர்மானத்தின் அளவுகோல் எளிதில் பொருந்தும். தரைவழியாகவே விரிந்த பேரரசுகள் அந்த அளவுகோலிலிருந்து தப்பித்தது அப்படித்தான்.