கடல் ஏறிய பிறகு அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா?

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருந்த என் தம்பியும் சித்தி மகளும் ‘போன்யோ’ என்ற ஜப்பான் அனிமேஷன் படம் பார்த்தார்கள். நடுவில் கடல் பொங்கி ஊரே மூழ்கிவிடுகிறது. அதற்கப்புறம் வருகிறவர்கள் எல்லாரும் செத்துப்போனவர்கள்தான் என்கிறான் தம்பி. இல்லவே இல்லை என்கிறாள் அவள். “சின்னப் பிள்ளை, உனக்குப் புரியாது” என்று அவன் சொல்லப்போக, இப்போது இருவருக்கும் பேச்சே இல்லை. எங்கள் அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 புயலில் அண்ணனைப் பறிகொடுத்தவர். இந்த வாக்குவாதம் தொடங்கினாலே எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார். யார் சொல்வது சரி?
ஒரு வாசகி, பாம்பன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் தம்பி பக்கம். அவர் இல்லாததைச் சொல்லவில்லை. 2008இல் வந்த இந்தப் படத்தில் இயக்குநர் மியாசாகி இதற்கான தடயங்களைத் தாராளமாகவே போட்டு வைத்திருக்கிறார். நடுக்கடலில் விளக்கொளி தெரிகிறது, ஊர் என்று நினைத்துப் பார்த்தால் கப்பல்கள் குவிந்து கிடக்கின்றன. சக்கர நாற்காலியிலேயே இருந்த பாட்டிமார் தண்ணீருக்கடியில் ஓடி விளையாடுகிறார்கள். அவர்களே “இது மறுலோகமா?” என்று தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொள்கிறார்கள். கடைசியில் வரும் அந்த இருட்டுச் சுரங்கப்பாதை வேறு. உள்ளே போகும்போதே படத்தின் நாயகியான சிறுமி போன்யோவுக்கு அது பிடிக்கவில்லை.

ஆனாலும் எனக்கு உங்கள் சித்தி மகள் பக்கம்தான் சாய்வு. காரணம் ஒரு சின்னக் காட்சி. வெள்ளத்தில் ஒரு படகு, அதில் கைக்குழந்தையோடு ஒரு தாய். குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லி போன்யோ சூப்பை நீட்டுகிறாள். “இவன் இன்னும் இதையெல்லாம் குடிக்க மாட்டான், நான் குடித்தால் அது பாலாகி இவனுக்குப் போகும்” என்கிறாள் அந்தத் தாய். இறந்தவர்களின் உலகத்தைக் காட்ட நினைப்பவர், பால் சுரப்பதைப் பற்றிப் பேச ஒரு தாயை நிறுத்தி வைப்பாரா? பாட்டிமார் பேச்சை நான் கிழவிகளின் கேலியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கிற அந்தத் தைரியம் நம் ஊர்க் கிழவிகளிடமும் உண்டு.

இது என் தீர்ப்பு, அவ்வளவுதான். இந்த மாதிரி விவாதத்தை யாரும் வந்து முடித்து வைக்க முடியாது. அதே இயக்குநரின் ‘டோட்டோரோ’ 1988இல் வந்தது. கடைசிக் காட்சிகளில் அக்கா தங்கைக்கு நிழல் இல்லை, அதனால் அவர்கள் இறந்துவிட்டார்கள் என்று ரசிகர்களிடையே ஒரு பேச்சு பரவியது. படம் எடுத்த ஜிப்லி நிறுவனமே அப்படி இல்லை என்று சொல்லியும் பேச்சு ஓயவில்லை. ஓயவும் வேண்டாம். ஒரு படத்தை இவ்வளவு கூர்ந்து பார்க்கிற பிள்ளைகள் கிடைத்தது நல்ல விஷயம்.

அதனால் தம்பி செய்த பிழை அவருடைய வாதத்தில் இல்லை, “உனக்குப் புரியாது” என்றதில்தான் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவர் வருத்தம் தெரிவிக்கட்டும். அப்புறம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, அந்தப் படகுக் காட்சியிலும் பாட்டிமார் காட்சியிலும் படத்தை நிறுத்தி நிறுத்திப் பேசட்டும். திரையில் இருப்பதை மட்டும் வைத்து வாதாட வேண்டும், குரல் உயரக் கூடாது.

எனக்குக் கவலை அப்பத்தாவைப் பற்றித்தான். 1964 டிசம்பர் 22 இரவு கடல் ஏறி ஒரு ஊரையே கொண்டுபோனது. ரயிலும் போனது, அதில் இருந்தவர்களும் போனார்கள். மூழ்கிய ஊரில் இருந்தவர்கள் செத்தார்களா, பிழைத்தார்களா என்பது உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு புதிர். அவருக்கு அது அண்ணன். “எல்லாரும் செத்துப்போயிட்டாங்க” என்று கூடத்திலிருந்து கேட்கும்போது அவர் காதில் எது விழும் என்று தம்பியிடம் எடுத்துச் சொல்லுங்கள். கடலுக்குப் போகிற பிள்ளை, உடனே புரிந்துகொள்வார்.

அதற்காக அப்பத்தாவிடமிருந்து படத்தை ஒளிக்கவும் வேண்டாம். சண்டையில் யார் பக்கம் என்று மட்டும் அவரைக் கேட்காதீர்கள். திண்ணையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அண்ணனைப் பற்றிக் கேளுங்கள். என்ன தொழில் பார்த்தார், இவரை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று கேளுங்கள். பேச மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். படத்தைப் பார்க்க வேண்டும் என்று அவராகச் சொன்னால் போட்டுக் காட்டுங்கள். அலைகள் பெரிய பெரிய மீன்களாக எழுந்து மலைப்பாதையில் காரைத் துரத்துகிற இடம் ஒன்று உண்டு. அது வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், ரிமோட்டையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.