ரெஸ்லிங்ல எல்லாக் காலத்துக்கும் பெரியாள் ஆரு? உங்கட கேள்வி, என்ட பதில்

போன கிழமை நான் "பெல்ட் (சாம்பியன் பட்டம்) கணக்க வச்சு ஆரையும் நம்பர் ஒண்டு எண்டு சொல்லேலா" எண்டு ஒரு வரி போட்டதுக்கு வாழைச்சேனையில இருந்து பொத்துவில் வரைக்கும் ஆக்கள் சண்டைக்கு வந்திட்டாங்க. சரி கேள்வியா கேளுங்க, தெரிஞ்சத சொல்றன் எண்டன். ரெண்டு மூணு பேர் ஒரே கேள்விய கேட்டத ஒண்டாக்கியிரிக்கன், ஏசினதுகள விட்டுட்டன்.

கல்முனை: அண்ணன், சுத்தி வளைக்காம ஒரு பேரச் சொல்லுங்க. ஆரு நம்பர் ஒண்டு?

ரிக் பிளேயர். சொல்லியாச்சு, இனி ஏசலாம்.

ஏன் எண்டத கேட்டுட்டு ஏசுங்க. 80கள் வரைக்கும் அமெரிக்காவில ஒரே கொம்பனி இல்ல, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஆள் ஷோ நடத்துவான், அவனுக்கு அந்த ஊர்ல ஒரு ஹீரோ இரிப்பான், என்டபிள்யூஏ (இந்தப் பகுதிக்காரங்கட கூட்டுச் சங்கம்) உலக சாம்பியன் எண்டவர் பெல்ட்டையும் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா போய் அந்தந்த ஊர் ஹீரோவோட மோதணும், மோதி ஒரு மணித்தியாலம் வரைக்கும் அடி வாங்கி, இந்தா தோக்கப் போறன் இந்தா தோக்கப் போறன் எண்டு சனத்த நம்ப வச்சு, கடைசில நேரம் முடிஞ்சோ கள்ள வேல பாத்தோ பெல்ட்டோட தப்பிப் போகணும். அடுத்த கிழமை அந்த ஊர் ஹீரோட ஷோவுக்கு டிக்கட் இன்னும் கூட விக்கும். பிளேயர் இந்த வேலய வருசக் கணக்கா செஞ்ச ஆள். 1975ல பிளேன் விழுந்து முதுகெலும்பு மூணு இடத்தில முறிஞ்சு, இனி ரெஸ்லிங் இல்லையெண்டு டொக்டர்மார் சொன்னதுக்குப் பிறகு செஞ்சது இது.

என்ட அளவுகோல் இதுதான்: அவனோட மோதினவன் அடுத்த நாள் காலையில முந்தினதவிட பெரியாளா தெரிஞ்சானா இல்லையா. 1989ல ரிக்கி ஸ்டீம்போட்டோட சிகாகோ, நியூ ஓர்லீன்ஸ், நாஷ்வில் எண்டு மூணு மேட்ச். முதலாவதுல பிளேயர் பெல்ட்ட குடுத்தார், ரெண்டாவது கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் ஓடிச்சு, மூணாவதுல திருப்பி எடுத்தார். மூணையும் பாத்து முடிச்சா ரெண்டு பேரும் உங்கட கண்ணுக்கு வளந்திருப்பாங்க.

ஏறாவூர்: காக்கா, ஜோன் சீனா 17 தரம், பிளேயர் 16 தரம். 17 பெருசா 16 பெருசா? கணக்கு தெரியாதா?

கணக்கு தெரியும் தம்பி. சீனா 2017ல ஏஜே ஸ்டைல்ஸ வெண்டு 16 ஆக்கினார், 2025 ஏப்ரல்ல ரெஸ்ல்மேனியா (வருசத்துக்கு ஒருக்கா நடக்கிற பெரிய ஷோ) 41ல கோடி ரோட்ஸ வெண்டு 17 ஆக்கினார், சரி. ஆனா பிளேயர்ட 16 எண்டது டபிள்யூடபிள்யூஈ எண்ட பெரிய கொம்பனி ஏத்துக்கிட்ட கணக்கு, வேற ஆக்கள் எண்ணினா அது கூடும். அதவிட முக்கியமான விசயம், எத்தின தரம் வெண்டான் எண்டா எத்தின தரம் தோத்தும் இரிக்கான் எண்டு அர்த்தம். புரூனோ சம்மார்டினோ அந்தக் கொம்பனிட பெல்ட்ட ரெண்டே ரெண்டு தரம்தான் எடுத்தவர். 1963 மே மாசம் பட்டி ரோஜர்ஸ 48 செக்கனுல முடிச்சு எடுத்தத 1971 ஜனவரியிலதான் குடுத்தார், 2,803 நாள். உங்கட கணக்குப்படி சீனா 17, புரூனோ 2. இது சரியெண்டு உங்கட மனசே சொல்லாது.

பெல்ட் எண்டது அலுவலகம் ஒருத்தர்ட கையில குடுக்கிற சாவி. இவன நம்பி கடைய திறக்கலாம் எண்டு அவங்க நினைச்சிருக்காங்க, அவ்வளவுதான் அதுல இருந்து தெரியிற.

சீனாவ நான் குறைச்சு சொல்லல்ல. 2025 டிசம்பர்ல வொஷிங்டன்ல கடைசி மேட்ச், குந்தரிட்ட டெப் பண்ணி (கையால தட்டி, ஏலாதெண்டு ஒத்துக்கிட்டு) தோத்துட்டுப் போனார். சனம் கத்தி ஏசிச்சு, எனக்கு அண்டைக்குத்தான் மனுசன்ல மரியாத கூடினது. முதல் 10க்குள்ள கட்டாயம் வருவார்.

அக்கரைப்பற்று: எல்லாம் பொய் அடிபாடு. முதலே எழுதி வச்சு நடிக்கிறதுக்கு ஆரு பெரியவன் எண்டு ரேங்க் போடுறது விசர் வேல இல்லையா?

1989லேயே கொம்பனிக்காரங்க நியூ ஜேர்சியில போய் இது விளையாட்டுப் போட்டி இல்ல, கேளிக்கை எண்டு தாங்களே சொல்லிட்டாங்க. வரியையும் விளையாட்டு ஆணைக்குழுட கட்டுப்பாட்டையும் தவிர்க்கத்தான். ஆக நீங்க கண்டுபுடிச்ச ரகசியத்துக்கு நரைச்சு கன காலம்.

நம்மட பக்கம் வடமோடிக் கூத்துக்கு விடியவிடிய குந்தியிருக்கிற சனத்துக்கு ஆரு சாகப்போறான் எண்டு தெரியாதா? தெரியும். போன வருசம் அருச்சுனனுக்கு ஆடினவன் நல்லமா இந்த வருசம் ஆடுறவன் நல்லமா எண்டு ஒரு மாசத்துக்கு சண்டை பிடிக்கிறதும் அதே சனம்தான். முடிவு எழுதினது எண்டதாலதான் ரேங்க் போடுறது ருசி, உண்மையான அடிபாடு எண்டா ரெண்டு பேரையும் மோத விட்டா முடிஞ்சிது, நாம கதைக்க ஒண்டுமில்ல.

அதோட எழுதினது முடிவு மட்டும்தான், விழுறது உண்மையா விழுறது. 1998 ஜூன்ல மிக் ஃபோலிய அண்டர்டேக்கர் 16 அடி கூட்டுக்கு மேல இருந்து மேசைக்கு எறிஞ்சத பாருங்க. பாத்துட்டு வந்து பொய் எண்டு சொல்லுங்க.

காத்தான்குடி: அண்டர்டேக்கர எங்க வச்சிருக்கீங்க? யோசிச்சு சொல்லுங்க, எங்கட முழுக் குடும்பமும் பாத்துக்கிட்டு இரிக்கிற.

பயமாத்தான் இரிக்கி. அஞ்சாவது.

1990 நவம்பர்ல வந்தவர், முதல் சில வருசம் மேட்ச் எண்டு பாத்தா நடந்து வந்து கழுத்த பிடிக்கிறதுதான், லைட்டும் மணிச் சத்தமும்தான் பாதி வேலய பாத்தது. ஆனா 2009ல ரெஸ்ல்மேனியா 25ல ஷோன் மைக்கேல்ஸோட ஹூஸ்டன்ல நடந்த மேட்ச் இரிக்கே, அத நான் எத்தின பேருக்கு போட்டுக் காட்டியிருப்பன் எண்டு எனக்கே தெரியா. ரெண்டு பேரும் 40 வயச தாண்டின ஆக்கள். ரெஸ்ல்மேனியாவில 21 தரம் தோக்காம வந்த அவர்ட கணக்கு 2014ல புரொக் லெஸ்னரிட்ட முடிஞ்ச நேரம் அரங்கத்தில சனம் வாய திறந்தபடி நிண்டது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. அந்த 21ஐ லெஸ்னருக்கு குடுத்தது சரியா பிழையா எண்டு கேட்டா, லெஸ்னர் ஏலவே பெரியாள், வளர வேண்டிய ஒரு பொடியனுக்கு குடுத்திருக்கலாம். இது என்ட எண்ணம், காத்தான்குடியில ஆரும் என்ன பிடிச்சு வைக்காதீங்க.

வாழைச்சேனை: ஹோகனா ஸ்டோன் கோல்டா? எங்கட வீட்டுல வாப்பாவுக்கும் எனக்கும் இதுல கதை பேச்சே இல்ல.

வாப்பா ஹோகன் எண்டு சொல்லியிருப்பார், அவர்ட வயசுக்கு அது சரி. ரெஸ்லிங் எண்ட பேர உலகம் முழுக்க கொண்டு போனது அந்த மஞ்சள் பெனியன்தான். 1984 ஜனவரியில அயர்ன் ஷீக்க வெண்டார், 1987ல ரெஸ்ல்மேனியா 3ல அன்ட்ரே எண்ட ராட்சத ஆள தூக்கி அடிச்சார், அண்டைக்கு வந்த சனம் 93,173 எண்டு கொம்பனி சொல்லும், அது கூட்டிச் சொன்ன கணக்கு எண்டு இன்னும் சண்டை ஓடுது. ஆனா ஒண்டு யோசிங்க, அண்டைக்கு ஹோகன பெரியாளாக்கினது ஆரு? அன்ட்ரே. உடம்பு முழுக்க நோவோட நிண்ட மனுசன், தூக்க விட்டாத்தான் தூக்கேலும். ஹோகன் அப்பிடி எத்தின பேருக்கு செஞ்சார் எண்டு எண்ணிப் பாத்தா கை விரல் மிஞ்சும். 2002ல டொரொன்டோவில ரொக்குக்கு செஞ்சார், அத ஒத்துக்கணும், வில்லனா வந்தவருக்கு சனம் முழுக்க கத்தி ரொக்குக்கு கூக்காட்டினாங்க.

ஸ்டோன் கோல்ட்ட எடுங்க. 1997 மார்ச், ரெஸ்ல்மேனியா 13, பிரெட் ஹார்ட்டோட. முகம் முழுக்க ரத்தம், ஷார்ப்ஷூட்டர் எண்ட கால் பிடியில மாட்டி விட்டுக்குடுக்காம மயங்கிப் போறான். தோத்தது அவன், ஹீரோவானதும் அவன், வெண்ட பிரெட் வில்லனாகி வெளிய போறான். இந்த ஒரு மேட்ச்ச விளங்கிக்கிட்டா என்ட முழு வாதமும் விளங்கிரும். அதே வருசம் ஓகஸ்ட்ல கழுத்து உடைஞ்சிது, அந்தக் கழுத்தோட அடுத்த வருசம் சாம்பியன். அந்த நேரம் திங்கக்கிழமை இரவுல மற்றக் கொம்பனியின்ட நைட்ரோ எண்ட டிவி ஷோ, பாக்கிற ஆக்கள்ட கணக்குல 83 கிழமை தொடர்ந்து முன்னுக்கு நிண்டது, 1998 ஏப்ரல்ல அத உடைச்சது இவனும் முதலாளி மெக்மானும் மோதப்போறாங்க எண்ட ஷோ. என்ட கணக்குல ஸ்டோன் கோல்ட் ரெண்டு, பிரெட் மூணு, ஷோன் மைக்கேல்ஸ் நாலு. ஹோகன் ஒம்பதோ பத்தோ. வாப்பாட்ட இத காட்ட வேணாம்.

சம்மாந்துறை: சின்ன வயசுல விளையாடின ரெஸ்லிங் படக் கார்ட்டுல ரேங்க் 1 இருந்த ஆள்தானே எங்களுக்கு நம்பர் ஒண்டு?

ஹா ஹா, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தன். இடைவேளைக்கு அந்தக் கார்ட் கட்ட எடுத்து ரேங்க், உயரம், நிறை, எத்தின அடிபாடு வெண்டவன் எண்டு சொல்லிச் சொல்லி பறிச்ச ஆக்கள்தான் இண்டைக்கு பெல்ட் எண்ணிக்கையோட என்னட்ட வாற ஆக்கள். அந்த ரேங்க ஆரு போட்டான், எத வச்சு போட்டான் எண்டு ஆரும் கேக்கல்ல. கட்டுக்கு கட்டு வேற ரேங்க் இருந்தது. உயரத்த கேட்டா அன்ட்ரே மாதிரி ஆக்கள வெல்றது கஷ்டம், அது மட்டும் ஞாயம்.

கல்லடி: பொம்பிளையள் ஒருத்தரும் உங்கட பட்டியல்ல இல்லையா அண்ணா?

இரிக்காங்க தங்கச்சி, ஆனா உங்களுக்கு டிவியில காட்டின ஆள் இல்ல. மூலா எண்டவ 28 வருசம் சாம்பியன் எண்டு 1956ல இருந்து 1984 வரைக்கும் கணக்கு சொல்லுவாங்க, இடையில தோத்து திருப்பி எடுத்ததெல்லாம் அதுல மறைஞ்சு போச்சு, கணக்க நம்பாதீங்க எண்டு நான் சொல்றதுக்கு இதவிட என்ன வேணும். 2019ல பெக்கி லின்ச், சார்லட், ரொண்டா ரௌசி மூணு பேரும் ரெஸ்ல்மேனியாட கடைசி மேட்ச்ச ஆடினது பெரிய விசயம், பொம்பிளையளுக்கு அது முதல் தரம்.

ஆனா என்ட ஆள் ஜப்பான்ட சிகுசா நாகயோ. 80கள்ல லயனஸ் அசுகாவோட சேந்து கிரஷ் கேல்ஸ் எண்டு வந்து அரங்கம் முழுக்க பள்ளிக்கூடப் பிள்ளையள நிரப்பினவ. 1985 ஓகஸ்ட்ல ஒசாகாவில டம்ப் மட்சுமோட்டோவோட மேட்ச், தோக்கிறவக்கு தலை மொட்டை. தோத்தா. ரிங்குக்குள்ளயே இருத்தி தலைய வழிக்கிறாங்க, சுத்தி நிண்ட பிள்ளையள் ஒப்பாரி வச்சு அழுகுதுகள். அந்த வீடியோவ பாருங்க, மொழி தேவையில்ல. இவவ ஆறாவதா வச்சிரிக்கன்.

திருக்கோவில்: நம்மட பக்கத்து ஆக்கள விட்டுட்டீங்க. கிரேட் காளி? தாரா சிங்?

காளி 2007ல உலக பெல்ட் எடுத்தார், ஆள் மலை மாதிரி, நடக்கவே கஷ்டப்பட்டார், விடுங்க. தாரா சிங் வேற. கிங் கொங்கோட மோதின காலத்தில இருந்தே பேரெடுத்தவர், 1968ல பம்பாயில அமெரிக்காட பழைய உலக சாம்பியன் லூ தெஸ்ஸ வெண்டவர், பிறகு டிவி ராமாயணத்தில அனுமாரா வந்தவரும் அவர்தான். லூ தெஸ் மாதிரி ஒருத்தர் இந்தியாவுக்கு வந்து தோத்துக் குடுக்கிறார் எண்டா இவர்ட பேருக்கு அங்க என்ன விலை இருந்திருக்கும் எண்டு பாருங்க.

செங்கலடி: அமெரிக்காவ விட்டா வேற ஆரு?

மெக்சிக்கோவில எல் சாண்டோ. 1942ல வெள்ளி முகமூடி போட்டவர், 50க்கு மேல படம், 1984ல செத்த நேரம் முகமூடியோடயே தாட்டாங்க. இவர்தான் என்ட ஏழாவது. ஜப்பான்ல ரிக்கிடோசான், கொரியாவில பிறந்த ஆள், அங்க இந்தத் தொழிலுக்கே அத்திவாரம் போட்டவர். பிறகு மிசாவா. 1990 ஜூன்ல ஜம்போ சுருட்டா எண்ட பெரிய மனுசன் இவரிட்ட தோத்துக் குடுத்து ஒரு இரவுல ஆள மாத்தினார். அந்த மிசாவா 2009ல ஹிரோஷிமாவில ரிங்குக்குள்ள விழுந்து செத்துப் போனார். எட்டாவது இடம் அவருக்கு.

களுவாஞ்சிகுடி: நட்சத்திரம் குடுக்கிற கணக்கு ஒண்டு இரிக்கே, அத வச்சு போடேலாதா?

டேவ் மெல்ட்சர் எண்ட பத்திரிகைக்காரர் குடுக்கிறது. 5தான் உச்சம் எண்டு இருந்தது, 2017 ஜனவரியில ஒகாடா – ஒமேகா மேட்ச்சுக்கு 6 குடுத்தார், 2018ல அதே ரெண்டு பேருக்கும் 7. உச்சிக்கு மேல ஏறிக்கிட்டே போனா ஏணி எங்க முடியும்? நல்ல மேட்ச் தேடிப் பாக்க உதவும், ஆள அளக்க உதவாது.

கல்முனை, ஒரு சேர்: கிறிஸ் பென்வா பற்றி வாயே திறக்கிறீங்க இல்லையே?

திறக்கிறன் சேர். 2004ல ரெஸ்ல்மேனியா 20ன்ட கடைசி மேட்ச்ச வெண்ட ஆள், தொழில்ல அவர மிஞ்ச கன பேர் இல்ல. 2007 ஜூன்ல மனிசியையும் ஏழு வயசு மகனையும் கொலை செஞ்சிட்டு தானும் செத்தார். மூளைய சோதிச்ச நேரம் அடிபட்டு அடிபட்டு சிதைஞ்சு போயிருந்தது எண்டாங்க. நான் பட்டியல்ல போட மாட்டன். "மேட்ச்ச மட்டும் பாருங்க" எண்டு சொல்ற ஆக்களோட எனக்கு கோபமில்ல, எனக்கு பாக்க ஏலாது, அவ்வளவுதான். தலைக்கு கதிரையால அடிக்கிறத டபிள்யூடபிள்யூஈ 2010லதான் தடை செஞ்சது. அதுக்கு முதல் நாங்க எல்லாரும் கை தட்டினதும் அதுக்குத்தானே.

ஆரையம்பதி: ரோமன் ரெய்ன்ஸ் 1,316 நாள்!

புரூனோட 2,803 நாள மேல எழுதியிருக்கன், போய் வாசிங்க. ரோமன் மாசக்கணக்கா பெல்ட்ட வீட்டுல வச்சுக்கிட்டு இருந்த ஆள். கதை சொன்ன விதம் நல்லம், அத ஒத்துக்கிறன்.

பொத்துவில்: கடைசிக் கேள்வி காக்கா. கோல்ட்பேர்க் 173 தரம் தோக்கல்ல, அவர் எங்க?

அந்த 173 எண்டது அவர் அப்ப இருந்த கொம்பனி ஊதிப் பெருப்பிச்சது, நடக்காத மேட்ச்சும் அதுக்குள்ள இரிக்கி. கூடுதலான மேட்ச் ரெண்டு நிமிசத்துக்குள்ள முடிஞ்சிரும், எதிராளிட பேர வாசிக்க முதல் ஆள் படுத்திருப்பான். 1999 டிசம்பர்ல பிரெட் ஹார்ட்டுட தலைக்கு விட்ட ஒரு உதையோட பிரெட்டுட தொழிலே முடிஞ்சு போச்சு. என்ட அளவுகோல மேல சொல்லிட்டன், 50க்குள்ளயும் இடமில்ல.