கடைசிப் பருவ மியூல் மான் வேட்டை: புது மலைக்குப் போகிறவர்களின் கேள்விகள்

அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வாழும் நீளக் காது மானான மியூல் மானை வேட்டையாட, கொலராடோவில் நவம்பரில் வரும் நான்காம் ரைஃபிள் சீசனுக்கு (துப்பாக்கி வேட்டைப் பருவம்) குலுக்கலில் டேக் (ஒரு மானைச் சுடுவதற்கான அனுமதி) விழுந்திருக்கிறது. அந்த யூனிட்டை, அதாவது டேக் செல்லும் வேட்டைப் பகுதியை, கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆகஸ்டில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?

பாதையையும் கூடாரம் போடும் இடத்தையும் பார்க்கத்தான் என்றால் சரி. மானைப் பார்க்க என்றால் வீண் அலைச்சல். ஆகஸ்டில் உச்சியில் மேய்கிற மான் பனி ஏற ஏறக் கீழே இறங்கிவிடும். பக்கத்து மாநிலமான வயோமிங்கில் ரெட் டெசர்ட் என்ற பாலைநிலத்துக்கும் ஹோபேக் என்ற மலைப்பகுதிக்கும் நடுவே ஒரு கூட்டம் சுமார் 240 கிலோமீட்டர் நடப்பதை வனவிலங்கு ஆய்வாளர் ஹால் சாயர் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டிக் கண்டறிந்து, 2014-ல் வெளியிட்டார். எல்லா மானும் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனாலும் கோடையில் பார்த்த இடத்தில் நவம்பரில் தேடுவது வேலைக்கு ஆகாது.

வரைபடத்தில் குளிர்கால மேய்ச்சல் நிலத்தைத் தேடுங்கள். வெயில் படும் தெற்குச் சரிவு, அதில் சேஜ், பிட்டர்பிரஷ் புதர்கள், பக்கத்திலேயே ஒதுங்க ஜூனிப்பர் மரங்கள். பனி அரை மீட்டரை நெருங்கிவிட்டால் மானுக்கு நடப்பதே பாடு, மேலே தங்காது. அப்புறம், வனவிலங்குத் துறையின் வட்டார உயிரியலாளருக்கு ஒரு போன் போடுங்கள். ‘பெரிய மான் எங்கே?’ என்று கேட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். ‘பனி விழுந்தால் எந்தப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும்?’ என்று கேளுங்கள், விவரமாகவே சொல்வார்.

நாள் முழுக்க நடந்தாலும் பெட்டை மான்கள்தான் கண்ணில் படுகின்றன. இடத்தை மாற்றவா?

மாற்றவே மாற்றாதீர்கள். பெரும்பாலான மலை மாநிலங்களில் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை இணைசேரும் காலம். அரிசோனா பாலைப்பகுதியில் ஜனவரி வரை போகும். கழுத்து பருத்த ஆண் மான் மூக்கைத் தரையோடு வைத்து ஒவ்வொரு பெட்டைக் கூட்டமாக மோந்து பார்த்துக்கொண்டு திரியும். காலையில் ஆணே இல்லாத கூட்டத்தில் மாலையில் ஒன்று வந்து நிற்கும். ஆகவே அதே கூட்டத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

நடையைக் குறைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் 10x42 பைனாகுலரை ட்ரைபாடில் மாட்டி எதிர்ச்சரிவைப் பார்த்தபடி உட்காருங்கள். கையில் பிடித்துப் பார்த்தால் தவறிப்போகும் சின்ன அசைவு அதில் பிடிபடும். முழு மானைத் தேடாதீர்கள். புதருக்குள் திரும்பும் ஒரு நீளக் காது, வெளுத்த பிட்டம், கிளையா கொம்பா என்று சந்தேகம் வருகிற ஏதோ ஒன்று, அவ்வளவுதான் தெரியும். இணைசேரும் காலம் முடிந்த பிறகு, டிசம்பரில் கதை வேறு. இளைத்துப்போன ஆண்கள் கூட்டத்தை விட்டுவிட்டு, தீனிக்குப் பக்கத்திலேயே கரடுமுரடான மூலையில் தனியாகக் கிடக்கும்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி எடுத்துப் போகலாமா?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குடியேற்றமல்லாத விசாக்காரர் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. அந்த உரிமம் காலாவதியானால் விலக்கும் போச்சு, அதனால் தேதியைக் கவனியுங்கள். கொலராடோவில் 1949-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும்.

வயோமிங்கில் வழிகாட்டி இல்லாமல் போக முடியுமா?

தேசிய வனத்திலும் பிஎல்எம் (கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறை) நிலத்திலும் போகலாம். ஆனால் அவற்றுக்குள்ளேயே ‘வில்டர்னஸ்’ (இயற்கையாகவே விட்டுவைக்கப்பட்ட காட்டுநிலம்) என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் வெளிமாநிலத்தவர் மான் வேட்டையாட, உரிமம் பெற்ற வழிகாட்டியோ அதற்கென அனுமதி பெற்ற உள்ளூர்க்காரரோ கூட வர வேண்டும். எனக்கு இந்தச் சட்டம் பிடிக்காது, ஆனால் சட்டம் சட்டம்தான்.

வண்டி விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

விடியலில் உறைந்து கல்லாகக் கிடக்கும் களிமண் பாதை மதியம் இளகிச் சேறாகிவிடும். காலையில் சுலபமாக உள்ளே போன வழியில் மதியம் வெளியே வர முடியாது. நான்கு சக்கரத்துக்கும் சங்கிலி, ஒரு மண்வெட்டி, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி, மூன்றும் கட்டாயம். குளிரில் அந்தக் கருவியின் பேட்டரி சீக்கிரம் இறங்கும். சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

இறைச்சியை மாநிலம் தாண்டி வீட்டுக்குக் கொண்டுபோவது எப்படி?

குளிர்தானே என்று தோலோடு போட்டுவைக்காதீர்கள். தோல் சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கும், தொடை எலும்பை ஒட்டிய கறிதான் முதலில் கெடும். சூடு ஆறுவதற்குள் உரித்துவிடுங்கள். மூளையைச் சிதைத்துக் கொல்லும் சிடபிள்யூடி என்கிற மான் நோய் 1967-ல் கொலராடோவில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. அதனால் மூளையும் முதுகெலும்பும் எல்லை தாண்டப் பல மாநிலங்கள் விடுவதில்லை. எலும்பு நீக்கிய கறியாகக் கொண்டுபோனால் தொல்லை குறைவு. ஆனால் வேட்டையாடிய மாநிலத்தில் மான் ஆணா பெட்டையா என்று காட்டும் உறுப்பைக் கறியோடு விட்டுவைக்கச் சொல்வார்கள், முழுக்க அறுத்தெடுக்குமுன் அந்த விதியைப் படித்துவிடுங்கள். நோய் உள்ள யூனிட் என்றால் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகே சமையுங்கள்.

கொம்பு வேண்டுமென்றால் மண்டையோட்டுத் தகட்டில் மூளைத் திசு துளியும் ஒட்டாமல் சுரண்டிய பிறகு வண்டியில் ஏற்றுங்கள்.