வரியே வராத சம்பளத்துக்கு ரிட்டர்ன் எதற்கு?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு கேஸ் ஸ்டேஷனில் வேலை பார்க்கிறேன். 2025இல் மொத்தச் சம்பளம் 28,000 டாலர். மனைவி வீட்டில் இருக்கிறார். 7, 11 வயதில் இரண்டு பிள்ளைகள். நால்வருக்கும் கிரீன் கார்டும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் உண்டு. வரி வராது என்பதால் 2023, 2024 இரண்டு வருடமும் ரிட்டர்ன் போடவில்லை. போட்டால் பணம் வரும் என்கிறார் கூட வேலை செய்பவர். வாங்கினால் குடியுரிமைக்குச் சிக்கல் வருமா?

பதில்: அவர் சொல்வது சரி. உடனே போடுங்கள்.

உங்களுக்கு ஃபெடரல் (மத்திய அரசின்) வருமான வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் உழைத்துக் குறைவாகச் சம்பாதிக்கும் குடும்பங்களுக்காக 1975 முதல் 'எர்ன்டு இன்கம் டாக்ஸ் கிரெடிட்' என்று ஒன்று இருக்கிறது. கட்ட வேண்டிய வரி பூஜ்யமானாலும் அந்தத் தொகை கைக்கு வரும். ரிட்டர்ன் போட்டுக் கேட்டால்தான் வரும், தானாக வராது.

2025க்கு, கணவனும் மனைவியும் சேர்ந்து ரிட்டர்ன் போட்டு, இரண்டு பிள்ளைகள் இருந்தால் அதிகபட்சம் 7,152 டாலர். வருமானம் 30,470ஐத் தாண்டிய பிறகுதான் அது குறையத் தொடங்கும். ஆகவே உங்களுக்கு முழுசாகவே கிடைக்கும். குழந்தைகளுக்கான வரிக் கிரெடிட்டில் ஆளுக்கு 1,700 வீதம் 3,400 சேரும். நியூ ஜெர்சி மாநிலமும் தன் பங்காக முதல் தொகையில் 40 சதவீதம் தருகிறது. அது ஏறக்குறைய 2,860. மொத்தம் 13,000 டாலருக்கு மேல். கிட்டத்தட்ட உங்கள் ஆறு மாதச் சம்பளம்! இதை விட்டுவிடாதீர்கள்.

நம்மவர்கள் தவறுவது வேறோர் இடத்தில். பிள்ளைகள் அந்த ஆண்டில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் உங்களோடு வசித்திருக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்தால் பிரச்சினை இல்லை. தாத்தா பாட்டியிடம் விட்டு அங்கேயே பள்ளியில் சேர்த்திருந்தால், அந்தப் பிள்ளையைக் காட்டிக் கேட்கக் கூடாது. விதியைப் பொருட்படுத்தாமல் தவறாகக் கேட்டால் இரண்டு வருடம், மோசடி என்றால் பத்து வருடம் இந்தக் கிரெடிட்டே கிடையாது. அப்புறம், ஊர் வங்கியில் டெபாசிட் இருந்தால் அதன் வட்டியையும் காட்டுங்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்றாலும், இங்கே அதற்கும் கணக்கு உண்டு. வட்டி, டிவிடெண்ட் போன்ற முதலீட்டு வருமானம் 11,950 டாலரைத் தாண்டினால் 2025க்கு இந்தத் தகுதி போய்விடும்.

குடியுரிமை பற்றிப் பயப்பட வேண்டாம். வேலை செய்தவருக்கு வரிச் சட்டம் தரும் தொகை இது. உண்மையைச் சொல்லி வாங்கினால் விண்ணப்பத்தைப் பாதிக்காது.

விட்டுப்போன இரண்டு வருடங்களுக்கும் சேர்த்தே போடுங்கள். கெடு தேதியிலிருந்து மூன்று வருடம் வரை கேட்கலாம். 2023க்கு 2027 ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது. ரீஃபண்டில் சதவீதம் கேட்கும் ஏஜென்டிடம் போகாதீர்கள். அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். ஆதரவில் நடக்கும் 'வீட்டா' மையங்களில் உங்களைப் போன்றவர்களுக்கு இலவசமாகவே போட்டுத் தருவார்கள். பல ஊர்களில் நூலகத்திலேயே நடக்கும். முதலாளி தரும் சம்பளக் கணக்கான டபிள்யூ-2 படிவங்கள், நால்வரின் சோஷியல் செக்யூரிட்டி அட்டைகள், பிள்ளைகளின் முகவரியோடு பள்ளி தரும் ஒரு கடிதம், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மனைவியையும் அழைத்துப் போங்கள். கூட்டு ரிட்டர்னில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும்.