கேள்வி பதில்: புதுப் பயிற்றுநருக்கு எத்தனை நாள் தருவார்கள்?

கேள்வி: அண்ணா, காலையில் வேலைக்குப் போவதற்கு முன் மாமாக் கடையில் உட்கார்ந்து அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து ஆட்டம் பார்ப்பது என் பழக்கம். பட்டம் வாங்கிக் கொடுத்த பயிற்றுநரையே இரண்டு வருடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்படி இருக்கும்போது புதிதாக வருகிறவர் எதை நம்பி அந்த வேலையை ஏற்கிறார்?
(பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: மைக்கேல் மலோனை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டென்வர் அணியில் பத்து சீசன் இருந்தார். 2023-இல் அந்த அணியின் முதல் என்பிஏ பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். 2025 ஏப்ரலில் லீக் ஆட்டங்கள் முடிய மூன்றே ஆட்டம் பாக்கி இருக்கும்போது அவரை நீக்கினார்கள். அதே நாளில் ஆட்டக்காரர்களை எடுக்கும் பொறுப்பில் இருந்த ஜெனரல் மேனேஜரையும் நீக்கினார்கள், அதைக் கவனியுங்கள். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்ற பேச்சு அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. மேலே இருக்கிறவர்கள் முட்டிக்கொண்டால் பயிற்றுநரின் நாற்காலி ஆடத் தொடங்கிவிடும், ஸ்கோர் போர்டில் என்ன எண் இருந்தாலும் சரி.

மில்வாக்கி கதை இன்னும் கொடுமை. மைக் புடன்ஹோல்சர் 2021-இல் பட்டம் வென்றார், 2022-23 சீசனில் 58 ஆட்டம் ஜெயித்து லீக்கிலேயே முதலிடத்தில் நின்றார், பட்டத்துக்கான ப்ளேஆஃப் ஆட்டங்களின் முதல் சுற்றில் மயாமியிடம் தோற்றதும் வேலை போய்விட்டது. அவருக்குப் பதில் வந்தவர் ஏட்ரியன் கிரிஃபின். பல வருடம் துணைப் பயிற்றுநராக இருந்துவிட்டு முதல்முறையாகத் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். 43 ஆட்டத்தில் 30 வெற்றி. அவரையும் 2024 ஜனவரியில், சீசன் பாதி தாண்டியதும் நீக்கிவிட்டார்கள். பத்துக்கு ஏழு ஆட்டம் ஜெயித்தவருக்கு ஒரு முழு சீசன்கூடக் கிடைக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.

ஏன் இப்படி என்றால், காரணம் பெரும்பாலும் கணக்குதான். ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு வைத்திருக்கிறது, அவர்களின் ஒப்பந்தப் பணமும் பெரும்பாலும் உறுதி செய்யப்பட்டது, ஆகவே நினைத்த நேரத்தில் ஐந்து பேரைத் தூக்கிவிட்டு வேறு ஐந்து பேரைக் கொண்டுவர முடியாது. பயிற்றுநரின் சம்பளம் அந்த உச்சவரம்புக்குள் வராது. அணி தடுமாறும்போது உரிமையாளரால் இன்று இரவே மாற்ற முடிகிற ஒரே பெரிய ஆள் அவர்தான்.

எதை நம்பி ஏற்கிறார் என்றீர்கள். பணத்தை நம்பலாம், அது வந்துவிடும். மான்டி வில்லியம்ஸுக்கு டெட்ராய்ட் ஆறு வருடத்துக்கு ஏறக்குறைய 78.5 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்ததாகச் செய்தி வந்தது. முதல் சீசனில் தொடர்ந்து 28 தோல்வி, மொத்தம் 14 வெற்றி 68 தோல்வி, ஒரே வருடத்தில் அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் ஆறு வருடம் எழுதியிருந்தது, அவர் பெஞ்சில் உட்கார்ந்தது ஒரு வருடம். பயிற்றுநர் வேலையில் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது இந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 29, கோலாலம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் நிரந்தர வேலை. மாலையில் ஒரு கிளப்பில் துணைப் பயிற்றுநராக ஆறு வருடம் இருந்துவிட்டேன். இப்போது ஒரு தொழில்முறை அணி என்னைத் தலைமைப் பயிற்றுநராக ஒரு சீசனுக்கு அழைக்கிறது. “முதல் வருடமே சாதிக்கணும்” என்கிறார்கள். அம்மா வேண்டாம் என்கிறார். என்ன செய்யட்டும் அண்ணா?
(செந்தூல் வாசகர்)

பதில்: தம்பி, முதலில் வாழ்த்துகள். நம் பிள்ளைகளில் கூடைப்பந்துப் பக்கம் வருகிறவர்களே குறைவு, அதில் இந்த இடம் வரை வந்திருக்கிறீர்கள் என்றால் அந்த ஆறு வருட உழைப்பு எனக்குப் புரிகிறது.

“முதல் வருடமே சாதிக்கணும்” என்ற வாக்கியத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். சாதிப்பது என்றால் என்ன? பட்டமா, அரையிறுதியா, போன வருடத்தைவிட நாலு ஆட்டம் கூடுதலாக ஜெயிப்பதா, இரண்டு இளம் ஆட்டக்காரர்களை உருவாக்குவதா? யார் கூப்பிட்டார்களோ அவரிடமே உட்கார்ந்து கேளுங்கள், பதிலை எழுதி வாங்குங்கள். குறைந்தபட்சம் பேசி முடித்த அன்றே ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது அனுப்பி, “நாம் பேசியது இதுதானே” என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் டேவிட் பிளாட் கதை. 2014 ஜூனில் கிளீவ்லாந்து அணி அவரைப் பயிற்றுநராக எடுத்தது. அப்போது அது இளம் ஆட்டக்காரர்களை வைத்து மெதுவாகக் கட்டிக்கொண்டிருந்த அணி. அடுத்த மாதமே லெப்ரான் ஜேம்ஸ் திரும்பி வருகிறேன் என்று அறிவித்தார். ஒரே இரவில் வேலையே மாறிப்போனது, பொறுமையாகக் கட்டு என்றவர்கள் பட்டம் கொண்டு வா என்றார்கள். முதல் சீசனிலேயே இறுதிச்சுற்று வரை கொண்டுபோனார். அடுத்த சீசனில் 30 வெற்றி 11 தோல்வி, கிழக்குப் பிரிவில் முதலிடம், அந்த நிலையில் 2016 ஜனவரியில் நீக்கினார்கள். அவருக்குத் துணையாக இருந்த டைரன் லூ பொறுப்பேற்று அதே வருடம் பட்டம் வென்றார். பிளாட் ஐரோப்பாவில் பெரிய பெயர் எடுத்தவர்தான், ஆனால் அவர் ஒப்புக்கொண்ட வேலை ஒன்று, கடைசியில் அவரை எடைபோட்ட வேலை வேறொன்று.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். மார்க் டேக்னால்ட் 2020-இல் ஓக்லஹோமா சிட்டிக்குத் தலைமைப் பயிற்றுநரானபோது அவருக்கு வயது 35. முதல் சீசனில் 22 வெற்றி 50 தோல்வி, இரண்டாவதில் 24 வெற்றி 58 தோல்வி. வேறு ஊராக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இளைஞர்களை வைத்துத்தான் கட்டுகிறோம், தோற்கத்தான் செய்வோம் என்பது அவரை எடுத்தவர்களுக்கு முன்பே தெரியும். அப்புறம் 40, அப்புறம் 57, அப்புறம் 68 வெற்றி, 2025-இல் பட்டம். இரண்டாம் வருட முடிவில் அவரைத் தாங்கிப் பிடித்தது எந்த வெற்றிக் கணக்கும் இல்லை, மேலே இருந்தவர்கள் முதல் நாள் சொன்ன சொல்லில் நின்றதுதான். உங்களைக் கூப்பிட்டவர் அப்படி நிற்கிற ஆளா? அவர் இதற்கு முன் எத்தனை பயிற்றுநரை மாற்றியிருக்கிறார்? உங்களுக்கு முன் இருந்தவர் ஏன் போனார்? முடிந்தால் அந்த மனிதரையே பார்த்து ஒரு டீ குடித்துக்கொண்டே கேட்டு வாருங்கள்.

சரி, என் அனுபவம் ஒன்று. பல வருடம் முன்பு 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் அணி ஒன்றுக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தேன். நன்றாகத்தான் போனது. சங்கத் தேர்தலில் நிர்வாகம் மாறியது, புது நிர்வாகம் தன் ஆளைக் கொண்டுவந்தது, எனக்கு வந்தது ஒரே ஒரு குறுஞ்செய்தி. அன்று சாயங்காலம் பந்துப் பையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பிள்ளைகள் என்னிடம், “சார், நாங்க என்ன தப்பு பண்ணினோம்?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்றும் காதில் இருக்கிறது. என்னைக் கொண்டுவந்தவர் இருக்கும் வரைதான் என் இடம் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது அம்மாவின் கவலைக்கு வருவோம், அது நியாயமான கவலை. ஒப்பந்தத்தில் உங்களை ஊழியராக எடுக்கிறார்களா, வெளியாள் சேவை என்று எழுதுகிறார்களா என்று பாருங்கள். ஊழியர் என்றால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) இரண்டும் கட்ட வேண்டும். இபிஎஃப்பில் சம்பளம் 5,000 ரிங்கிட் வரை இருந்தால் முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதற்கு மேல் 12, உங்கள் பங்கு 11. சேவை ஒப்பந்தம் என்றால் இவை எதுவும் தானாக வராது, ஆகவே தொகையை அதற்கேற்பக் கூட்டிக் கேளுங்கள். ஊழியராக இருந்து காரணமில்லாமல் நீக்கப்பட்டால் 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின் கீழ் 60 நாளுக்குள் முறையிடலாம். மனக்கசப்பில் இருக்கும்போது அந்த 60 நாள் எப்படி ஓடும் என்றே தெரியாது. ஆனால் உண்மையான ஒரு சீசன் ஒப்பந்தம் தேதி முடிந்து நின்றுபோனால், அதை வேலை நீக்கம் என்று வாதாடுவது கடினம். அதனால் பாதியில் நிறுத்தினால் மீதி மாதச் சம்பளம் உண்டா என்பதை இப்போதே எழுத வைக்க வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் மட்டும்தான் அவர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, லீக்கே நின்றுபோகலாம். நம் மலேசியா டிராகன்ஸ் 2016-இல் ஆசியான் கூடைப்பந்து லீக்கில் பட்டம் வென்றபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! நாலே வருடத்தில் கோவிட் வந்து அந்த லீக்கின் சீசனே பாதியில் நின்றது. அதில் எந்தப் பயிற்றுநரின் தப்பும் கிடையாது.

என் கருத்தைக் கேட்டீர்கள் என்றால், போங்கள். ஆனால் கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்துவிட்டு, இப்போதைய முதலாளியிடம் சம்பளமில்லாத விடுப்பு கிடைக்குமா என்று வெட்கப்படாமல் கேட்டுவிட்டு, மேலே சொன்ன பதில்களை எழுத்தில் வாங்கிவிட்டுப் போங்கள். எழுதித் தர மறுத்தால் மட்டும் அம்மா பேச்சைக் கேளுங்கள்.

கேள்வி: நம் நாட்டுப் பந்துப் பயிற்றுநர்களுக்கும் இதே கதிதானே?
(பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்)

பதில்: ஆமாம். காற்பந்தில் கே. ராஜகோபால் 2009-இல் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுத் தங்கம், 2010-இல் தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணம் என்று அடுத்தடுத்து வாங்கிக் கொடுத்தார். 2013-உடன் அவர் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. ஒரு கிண்ணம் ஒரு பயிற்றுநருக்கு இரண்டு மூன்று வருடம் வாங்கித் தரும், அவ்வளவுதான் கணக்கு. கிரெக் போபோவிச் மாதிரி சான் அன்டோனியோவில் 1996-இலிருந்து 2025 வரை இருந்தவர் அபூர்வத்திலும் அபூர்வம். அவரும் பொறுப்பேற்ற முதல் சீசனில் 17 வெற்றி 47 தோல்விதான். ஆனால் அப்போது அவரே ஜெனரல் மேனேஜர், அவரை யார் நீக்குவது? புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் அடுத்த டிராஃப்டில் டிம் டங்கன் கிடைத்தார், பிறகு ஐந்து பட்டம்.

கேள்வி: என் கணவர் ஓர் அணியில் துணைப் பயிற்றுநர். தலைமைப் பயிற்றுநரை மாற்றப் போவதாகப் பேச்சு. இவர் வேலையும் போய்விடுமா?
(பூச்சோங் வாசகி)

பதில்: போகலாம் அம்மா, மறைத்துச் சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. புதிதாக வருகிறவர் பெரும்பாலும் தன் ஆட்களோடுதான் வருவார். ஆனால் சீசன் நடுவில் மாற்றம் நடந்தால் அவசரத்துக்குப் பொறுப்பு துணைப் பயிற்றுநரிடம்தான் வரும், மேலே சொன்ன டைரன் லூ அப்படி வந்தவர்தான். டொரான்டோவில் டுவேன் கேசியை 59 வெற்றிக்குப் பிறகு 2018-இல் நீக்கியபோது அவருடைய துணை நிக் நர்ஸுக்கே அந்த இடத்தைக் கொடுத்தார்கள், அவர் முதல் சீசனிலேயே பட்டம் வென்றார். மயாமியின் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 1995-இல் வீடியோ அறையில் தொடங்கியவர், 2008-இல் தலைமைக்கு வந்தார். இன்று இரவு உங்கள் கணவரிடம் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவுத் தேதி அவருக்கென்று தனியாக எழுதியிருக்கிறதா, இல்லை தலைமைப் பயிற்றுநரின் ஒப்பந்தத்தோடு கட்டியிருக்கிறதா என்று தெரிந்தால், எனக்கு மறுபடி எழுதுங்கள்.